ஆகட்டும் என்றால் ஓர் ஆடு

முதல் ஆடு ஒரு திங்கட்கிழமை காலை பதினொரு மணிக்கு வந்தது. நான் சாத்தனேந்தல் ஊராட்சிக்குத் தலைவராகி அப்போது மூன்று நாள்தான் ஆகியிருந்தது, நாற்காலியில் முதுகு சாய்த்து உட்காரும் தைரியம் இன்னும் வராமல் நுனியில் உட்கார்ந்திருந்தேன். மேலத்தெருக் குருவம்மாள் வந்து, தங்கள் முக்கில் தெருவிளக்கு ஆடி மாதத்திலிருந்து எரியவில்லை, பாம்பு குறுக்கே கிடந்தாலும் தெரியாது என்று சொன்னார். "ஆகட்டும்மா, பாத்துருவோம்" என்றேன். நான் சொல்லி வாயை மூடுவதற்குள் மேசைக்கு அடியிலிருந்து ஒரு வெள்ளாட்டுக் குட்டி, நெற்றியில் வெள்ளைச் சுழியோடு, அப்போதுதான் தூங்கி எழுந்ததுபோல உடம்பை உதறிக்கொண்டு வெளியே வந்து என் உள்ளங்கையை முகர்ந்து பார்த்தது.

குருவம்மாள் குனிந்து பார்த்தார். "கிடாயா, பெட்டையா?"

"கிடாய்" என்றார் ஊராட்சிச் செயலர் ராமசுப்பு, கண்ணாடிக்கு மேலாக எட்டிப் பார்த்துவிட்டு, ஆடு வாய் வைத்துவிடக் கூடாதென்று தீர்மானப் புத்தகத்தை இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு. பிறகு, "அடுத்த ஆள் வரலாம்" என்றார்.

அன்று மாலைக்குள் ஒன்பது ஆடுகள் வந்துவிட்டன. குழாய் கேட்டவருக்கு மூக்கு ஒழுகும் ஓர் ஆடு, சுடுகாட்டுப் பாதை கேட்டவருக்குக் காலைப் பார்த்துப் பார்த்து வைக்கும் ஓர் ஆடு, பேருந்து நிறுத்தத்துக்கு நிழல் கேட்ட கல்லூரிப் பெண்களுக்கு எப்போதும் கண்ணைச் சுருக்கிக்கொண்டே நிற்கும் ஓர் ஆடு. துணைத் தலைவர் சேதுராசு ஐயா ஒரே மூச்சில் ஐந்து வேலை சொன்னார், ஐந்தும் கொம்போடு வந்தன. ஒவ்வோர் ஆடும் கேட்டவரின் குரலில் கத்தியது. குருவம்மாளின் ஆடு குருவம்மாளைப் போலவே இழுத்து இழுத்துக் குறைப்பட்டது, சேதுராசு ஐயாவின் ஆடுகள் தெருவில் போகிறவர் திரும்பிப் பார்க்கும்படி அதட்டின.

எங்கள் ஊரைப் பற்றி ஒன்று சொன்னால்தான் இது விளங்கும். சாத்தனேந்தலில் 'இல்லை' என்ற சொல்லை யாரும் வாயால் சொல்வதில்லை. உப்பு தீர்ந்துவிட்டால் உப்பு நிறைஞ்சிருக்கு என்போம், கடையில் சரக்கு தீர்ந்திருந்தால் கடைக்காரர் நாளைக்கு வாங்க என்பார், பெண் பார்த்துவிட்டுப் பிடிக்காமல் போனவர்கள் யோசித்துச் சொல்கிறோம் என்று சொல்லிவிட்டு இருபது வருடமாக யோசித்துக்கொண்டிருப்பார்கள். ஊருக்கு மேற்கே இருக்கிற பெரிய கண்மாய் இரவும் பகலும் நாங்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருக்கிறது, அதன் காதில் 'இல்லை' என்ற சொல் விழுந்தால் ஊரில் தனக்கு வேலை இல்லை என்று நினைத்துத் தண்ணீர் வேறு ஊருக்குப் போய்விடும் என்று எங்களுக்குச் சொல்லி வளர்த்திருக்கிறார்கள். மூன்று வருடம் பட்டணத்துக் கல்லூரியில் கணிதம் படித்துவிட்டு வந்த நான் அதை நம்பவில்லை. ஆனாலும் அந்தச் சொல்லைச் சொன்னதில்லை. நம்பாமல் இருப்பதும் சொல்லாமல் இருப்பதும் ஒரே ஆளுக்குள் அமைதியாகக் குடியிருந்தன.

அதோடு எனக்குப் பயமும் இருந்தது. கீழத்தெருவிலிருந்து தலைவரான முதல் ஆள் நான்தான். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆளும் நான்தான். நான் ஒருத்தருக்கு முகம் கோணினால், படித்துவிட்ட திமிர் என்பார்கள். ஒரு வேலையை மறந்தால், இதுக்குத்தான் அந்தத் தெருவுக்குப் பதவி கொடுக்கக் கூடாதென்பது என்பார்கள். அதனால் கேட்டவருக்கெல்லாம் ஆகட்டும் என்றேன். ஒரு கோடு போட்ட நோட்டு வாங்கி ஒவ்வொரு 'ஆகட்டும்' சொல்லுக்கும் எண் போட்டு எழுதி வைத்தேன்.

"எனக்கு எட்டுத் தலைவரத் தெரியும், தலைவரம்மா" என்றார் ராமசுப்பு, நாற்பதாவது ஆட்டுக்கு வாசலில் முளை அடித்துக்கொண்டே. "எட்டுப் பேரும் நீங்க சொன்னதத்தான் சொன்னாங்க. ஒருத்தருக்குக்கூட ஆடு வரல."

"ஏன் சார்?"

"அவங்க சொன்ன கையோட மறந்துருவாங்கள்ல. மறக்காதவங்ககிட்டதான் வரும்போல." சற்று யோசித்துவிட்டு, "புழுக்கைய யாரு அள்ளுறது?" என்றார்.

ஆடுகளிடம் ஒரே ஒரு பிடிவாதம் இருந்தது. அவை என் கையால் கொடுத்தால்தான் தின்னும். வேப்பங்குழையை மரத்தில் கட்டித் தொங்கவிட்டால் பார்த்துக்கொண்டே நிற்கும், அம்மா கொடுத்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும், நான் அதே குழையை வாங்கி நீட்டினால் ஓடி வரும். வேலை முடிந்த ஆடு தானாக எழுந்து கேட்டவர் வீட்டு வாசலுக்குப் போகும், மறுநாள் அங்கே ஆடு இருக்காது, ஒரு பிடி புழுக்கை மட்டும் கிடக்கும், அதை அந்த வீட்டுக்காரர்கள் பூசணிக்குப் போட்டுவிடுவார்கள். ஆவணியும் புரட்டாசியும் முடிவதற்குள் அப்படிப் போனவை இரண்டே இரண்டு. வந்து நின்றவை நூற்று நாற்பத்து மூன்று.

ஊர் அதற்குப் பழகிக்கொண்டது. முதல் வாரம் பிள்ளைகள் வேடிக்கை பார்க்க வந்தார்கள், இரண்டாம் வாரம் அவர்களும் வரவில்லை. பெண்கள் ரேஷன் கடைக்குப் போகிற வழியில் ஊராட்சி அலுவலகத்தில் நின்று தங்கள் ஆட்டைப் பார்த்துவிட்டுப் போனார்கள், சிலர் அடையாளத்துக்குக் கழுத்தில் சிவப்பு ரிப்பன் கட்டினார்கள், சிலர் கொம்பில் பெயின்ட் அடித்தார்கள். கால்நடை ஆய்வாளர் மோட்டார் சைக்கிளில் வந்து எல்லாவற்றுக்கும் குடற்புழு மருந்து ஊற்றிவிட்டு, பதிவேட்டில் இனம் என்ற இடத்தில் வெள்ளாடு என்றும், பெற்ற விதம் என்ற இடத்தில் வாய்ச்சொல் என்றும் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார். டீக்கடையில் முன்பெல்லாம் வேலை நடக்கவில்லை என்று பேசியவர்கள் இப்போது என் ஆடு இளைச்சுப்போச்சு, உன் ஆட்டுக்கு மட்டும் எப்படி முதுகு மினுங்குது என்று பேசினார்கள். கல்யாணப் பத்திரிகை கொடுக்க வந்த ஒருவர் பத்திரிகையை என் கையில் கொடுத்துவிட்டு, நான் "ஆகட்டும், வந்துடறேன்" என்றதும் பக்கத்தில் எழுந்து நின்ற குட்டியைப் பார்த்து, "பந்திக்கு இதையும் கூட்டிட்டு வந்துராதீங்க" என்று கேட்டுக்கொண்டார்.

ஒருநாள் ஒன்றிய அலுவலகத்தில் கூட்டம். நடத்துநர் ஆடுகளை ஏற்ற முடியாது என்று விசில் ஊதிவிட்டார், அதனால் ஆறு கிலோமீட்டரும் நடந்தேன், முன்னால் நான், பின்னால் தூசியும் நூற்று இருபது ஆடுகளும். அங்கே யாரும் எதுவும் கேட்கவில்லை. ஒன்றிய அதிகாரியின் அறைக்குப் பின்புறம் எருமைகள் நின்றன, வேலி வரைக்கும், வேலிக்கு அப்பாலும். அவற்றின் முதுகில் காக்கைகள் உட்கார்ந்திருந்தன. அதிகாரி ஜன்னலைச் சாத்தி வைத்திருந்தார். பேச்சின் நடுவில் ஓர் எருமை ஜன்னலில் முட்டியபோது அவர் தலையைத் திருப்பாமலே, "அது போன வருஷத்தது" என்றார். திரும்பி வரும் வழியெல்லாம் அந்தச் சாத்திய ஜன்னலையே நினைத்துக்கொண்டு வந்தேன், நான் அப்படி ஆகிவிடக் கூடாது என்று நினைத்தேன், ஆனால் எப்படி ஆகாமல் இருப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

எனக்குத் தெரிந்தது வகுத்தல்தான். விடியும் முன்பே எழுந்து குழை ஒடித்து, அதை நூற்று நாற்பத்து மூன்றாகப் பிரித்து, எண் வரிசைப்படி ஊட்டினேன். கடைசி ஆட்டுக்கு வரும்போது பொழுது சாய்ந்துவிடும், முதல் ஆடு மறுபடி பசித்துக் கத்தும். நூறு நாள் வேலைக்கு வருகிறவர்கள் அறுபது பேர். அவர்களையும் அப்படியே பிரித்தேன், பதினைந்து வேலை, வேலைக்கு நான்கு பேர். நால்வர் சமுதாயக் கூடத்துச் சுவரில் ஒரு மூலையைச் சுரண்டினார்கள், நால்வர் சுடுகாட்டுப் பாதையில் பத்தடி முள் வெட்டினார்கள், மறுநாள் வேறு பதினைந்து இடம். எதுவும் முடியவில்லை. ஆனால் யாரும் என்னை ஓரவஞ்சனைக்காரி என்று சொல்ல முடியாது. அந்த ஒன்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

இப்போது கறுப்பு ஆட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அதைத் தள்ளிப் போடுவதே எனக்கு வழக்கமாகிவிட்டது, இந்தக் கதையிலும் தள்ளிப் போட்டிருக்கிறேன்.

ஆவணியில் ஒருநாள் கீழத்தெருக் குழாயடியில் மாரிக்கண்ணு என்னிடம் ஒரு விஷயம் சொன்னாள். அவளும் நானும் எட்டாம் வகுப்பு வரை ஒரே பெஞ்சு. அதற்குப் பிறகு அவள் நூறு நாள் வேலைக்கும் கல்யாணத்துக்கும் போனாள், நான் பட்டணத்துக்குப் போனேன். குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டே சொன்னாள்: "ஏ நாகு, மூணாம் மடைக்கு இந்தப் பக்கம் கரையில ஒரு ஓட்டை கெடக்கு. நண்டு வளையா எலி வளையான்னு தெரியல. இப்பக் கட்டைவெரல் போகுது. மழைக்கு முன்னாடி அடைச்சுரணும். நம்ம தெரு அதுக்கு நேர் கீழடி."

"ஆகட்டும்டி" என்றேன். குழாயடிச் சேற்றிலிருந்து ஒரு கறுப்புக் குட்டி எழுந்தது. அது கத்தவில்லை. அதற்குப் பிறகும் ஒருநாள்கூடக் கத்தவில்லை.

அப்போது கண்மாயில் முழங்கால் தண்ணீர்தான் கிடந்தது, ஓட்டை அதற்கு மேலே, காய்ந்த கரையில் இருந்தது. தண்ணீர் படாத ஓட்டை யாரையும் கூப்பிடாது. கரை மராமத்துக்கு ஒன்றியத்தின் அனுமதி கோடையிலேயே வந்திருந்தது, ஆட்களை அனுப்ப வேண்டியது மட்டும்தான் பாக்கி. அன்று மாலையே அனுப்பியிருக்கலாம். ஆனால் ராமசுப்பு டீக்கடையிலிருந்து ஒரு பேச்சைக் கொண்டுவந்து கொடுத்தார், புது தலைவர் முதல் வேலை தன் தெருவுக்குத்தான் செய்யும், வேணும்னா பாருங்க என்று மேலத்தெருவில் பேசிக்கொள்கிறார்கள் என்று. அதைக் கேட்டதும் நோட்டைத் திறந்தேன். கறுப்பு ஆட்டின் எண் பதினேழு. அதை அடித்துக் கடைசி எண்ணாக மாற்றினேன், புது ஆடு வரவர அதையும் தள்ளித் தள்ளி நூற்று நாற்பத்து மூன்றுக்குக் கொண்டுபோனேன். எல்லோரும் பார்க்கும்படி, எல்லா ஆட்டுக்கும் கொடுத்த பிறகு, மிஞ்சியதை அதற்குக் கொடுத்தேன். மிஞ்சியது பெரும்பாலும் காம்புதான்.

அம்மா ஒரு வார்த்தை சொன்னாள், அடுப்பைப் பார்த்துக்கொண்டு. "ஊருக்கெல்லாம் நல்லவளா இருக்கா. இருக்கட்டும்."

ஐப்பசி பிறப்பதற்கு முன்பான ஒரு காலையில் ரேடியோவில் இன்னும் பத்து நாளில் பருவமழை தொடங்கும் என்று சொன்னார்கள். கிழக்கே வானம் கழுவி வைத்த சட்டிபோல மங்கியிருந்தது. நான் நாற்பத்தோராவது ஆட்டுக்கு ஊட்டிக்கொண்டிருந்தபோது மாரிக்கண்ணு ஒரு கயிற்றோடு வந்து, வேலியோரம் படுத்துக் கிடந்த கறுப்பு ஆட்டின் பக்கத்தில் உட்கார்ந்தாள். அதன் விலா எலும்புகளைச் சிலேட்டுக் கோடுகளைப் போல எண்ணிவிடலாம்.

"என்னடி கயிறு?" என்றேன்.

"ஆட்டக் கூட்டிட்டுப் போகலாம்னு வந்தேன்."

"எதுக்கு?"

"செத்தா எங்க தெருவுலயே பொதைச்சுக்கிறோம். ஆபீஸ் வாசல்ல கெடந்து நாறுனா தலைவரம்மாவுக்குக் கெட்ட பேரு."

"என்னடி இப்படிப் பேசுற? எல்லாத்துக்கும் சமமாத்தானே போடுறேன்."

"சமமாத்தான் போடுற. எல்லாம் சமமா எலும்பா நிக்குது பாரு."

ராமசுப்பு உள்ளே இருமினார். எனக்கு முகம் சூடாகிவிட்டது. "எங்க தெரு எங்க தெருங்கிற. அப்ப எனக்கு எந்தத் தெரு?"

"அதத்தான் நாகு நாங்களும் ரெண்டு மாசமாக் கேட்டுக்கிட்டிருக்கோம்" என்றாள். அவள் குரலில் கோபம் இருந்திருந்தால் நானும் கோபப்பட்டிருப்பேன். "எங்க வீட்டு மண்ணு சுவரு போன மழைக்கே ஊறிப்போச்சு. இந்த வருசம் கரை போனா முப்பத்திரண்டு வீடும் போகும். நீ கெட்ட பேரு வாங்காம இரு. நாங்க பாத்திரத்த மூட்டை கட்டுறோம்."

என் கையிலிருந்த குழையைக் கறுப்பு ஆட்டிடம் நீட்டினேன். அது தின்னவில்லை. என் உள்ளங்கையை மட்டும் மெதுவாக, உப்புக்காக, நக்கியது.

அந்தக் காலையில் மற்ற நூற்றிரண்டு ஆடுகளுக்கு நான் ஊட்டவில்லை. அவை பின்னால் நின்று ஆளாளுக்குத் தங்கள் சொந்தக்காரர்களின் குரலில் கூப்பிட, கறுப்பு ஆட்டைத் தோளில் போட்டுக்கொண்டு கண்மாய்க்கரைக்கு நடந்தேன். அதற்குக் கனமே இல்லை. மூன்றாம் மடைக்கு இந்தப் பக்கம் கோரைப் புல்லை விலக்கினேன். கட்டைவிரல் போகிற ஓட்டையைத் தேடினேன், அது அங்கே இல்லை, அதன் இடத்தில் ஒரு பொந்து இருந்தது. படுத்துக்கொண்டு கையை விட்டேன், முழங்கை போனது, தோள்வரை போனது, விரல் நுனியில் இருட்டும் ஈர மண்ணும் தட்டுப்பட்டன, அந்த ஈரத்துக்கு அப்பால் எங்கள் வீடு இருந்தது.

எழுந்து நின்றேன். கரையில் யாரும் இல்லை. அந்தச் சொல்லை முதலில் அங்கே ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். "இல்லை." கண்மாய் கேட்டது. முழங்கால் தண்ணீரில் நின்ற ஒரு கொக்கு காலை மாற்றி வைத்தது. வேறொன்றும் நடக்கவில்லை.

மறுநாள் காலை அறுபது பேரும் மண்வெட்டியும் சட்டியுமாக அலுவலக வாசலில் வந்து நின்று, இன்று எந்த நால்வர் எங்கே என்று நான் படிப்பதற்காகக் காத்திருந்தார்கள். நான் நோட்டைத் திறக்கவில்லை. "இன்னிலருந்து பத்து நாளைக்கு எல்லாரும் மூணாம் மடைக்குப் போகணும்" என்றேன்.

சேதுராசு ஐயா அப்போதுதான் வந்தார், வெள்ளைத் துண்டைத் தோளில் சரிசெய்துகொண்டு. அவருடைய ஆடுகள் இப்போது பதினொன்று, அவரைக் கண்டதும் எல்லாம் சேர்ந்து அதட்டின. "என்னம்மா, கூடத்துச் சுவத்துக்கு நாலு பேரு எங்க?"

"இல்லைங்க ஐயா."

அறுபது பேரும் ஒரே சமயத்தில் தலையை மேற்கே திருப்பிக் கண்மாயைப் பார்த்தார்கள். கண்மாய் இருந்த இடத்திலேயே இருந்தது.

"என்ன சொன்ன?"

மறுபடி சொன்னேன். "நீங்க கேட்ட பதினொன்னும் இந்த மழைக்கு முன்னாடி இல்லைங்க ஐயா. கூடத்துச் சுவரும், வெள்ளையடிக்கிறதும், மத்த ஊர் வேலையும் தைக்கு மேலதான், எழுதித் தர்றேன். தெருக்கல்லு பதிக்கிறது மட்டும் எப்பவுமே இல்லை. அது தெரு இல்லைங்க, உங்க வீட்டு வாசல்."

யாரோ சிரித்துவிட்டு மண்வெட்டிக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டார்கள். சேதுராசு ஐயா சிரிக்கவில்லை. "சுத்தி வளைச்சு ஒன் தெருவுக்குத்தானே போற?"

இரண்டு மாதமாக நான் பயந்த கேள்வி இதுதான். கேட்டபோது அது வெறும் கேள்வியாகத்தான் இருந்தது. "ஆமாங்க ஐயா, எங்க தெருவுக்குத்தான். கரை போச்சுன்னா முதல்ல எங்க தெரு. ரெண்டாவது உங்க வயலு. வந்து கைய விட்டுப் பாருங்க."

அவர் பதில் சொல்வதற்குள் அவருடைய ஆடுகளில் ஒன்று, வாசல் கல்லுக்காக வந்தது, என்னை விட்டு நகர்ந்து அவரிடம் போய், தோளில் தொங்கிய துண்டின் நுனியைக் கடித்து மெல்லத் தொடங்கியது. அவர் இழுத்தார், அது விடவில்லை. என் கையைத் தவிர வேறெதையும் தொடாத ஆடு. தைக்கு மேல் என்று சொல்லப்பட்ட மற்ற பத்தும் கத்துவதை நிறுத்தி, வேப்பமரத்தடியில் காலை மடித்துப் படுத்து, எதுவும் தின்னாமலே அசைபோடத் தொடங்கின.

"தலைவரம்மா" என்றார் ராமசுப்பு மெதுவாக, "மிச்சத்தையும் சொல்லிட்டு வந்துருங்க. நான் இங்க ஆள் கணக்கு எடுத்துட்டு கரைக்குப் போறேன்."

அன்று பகல் முழுவதும் நான் ஊரில் நடந்தேன், பின்னால் ஆடுகள் வந்தன, ஒவ்வொரு வாசலிலும் நின்று, கேட்டவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு, அவர் முகத்தைப் பார்த்து, இது மாசிக்கு மேல், இது என்னால் ஆகாது, இது கம்பத்துக் கம்பியில் உள்ள கோளாறு, ஊராட்சி வேலையே இல்லை, மின்வாரியத்துக்கு எழுத வேண்டும், இது கிடையாது, இது இப்போது இல்லை, இது இல்லை என்று சொன்னேன், சொல்லச் சொல்ல நாக்கு அந்தச் சொல்லுக்குப் பழகிவிடும் என்று நினைத்தேன், பழகவில்லை, நூறாவது வாசலிலும் அது முதல் வாசலில் இருந்ததுபோலவே கல்லாகத்தான் வந்தது. சிலர் கதவைச் சாத்தினார்கள். ஒருவர் நான் ஓட்டுக் கேட்டு வந்தபோது கொடுத்த மோரை நினைவுபடுத்தினார். ஆனால் குருவம்மாள் இடுப்பில் கைவைத்துக்கொண்டு கேட்டார்: "மின்வாரியமா? இத அன்னிக்கே சொல்லியிருந்தா எம் மகன் அன்னிக்கே போயிட்டு வந்திருப்பானே. ரெண்டு மாசமா ஒன் ஆட்ட வந்து வந்து பாத்துக்கிட்டிருக்கேன்." நெற்றியில் சுழியிருந்த ஆடு அவர் வீட்டுக்குள் போய், அவர் கையிலிருந்த முருங்கைக் கீரையைத் தின்றது. பேருந்து நிறுத்தப் பெண்கள், "அப்ப நாங்களே கீத்து கட்டிக்கிறோம்கா" என்று ஆட்டை ஓட்டிக்கொண்டு போனார்கள். கல்யாணப் பத்திரிகைக்காரரிடம் வர முடியாது என்றேன், அவர் நிம்மதியாகச் சிரித்தார்.

ஒரே ஓர் இடத்தில் அப்படி நடக்கவில்லை. தெற்குத்தெருக் கடைசி வீடு ஒச்சம்மாளுடையது. அவர் கணவர் பனையிலிருந்து விழுந்து இரண்டு வருடமாகப் படுக்கையில் இருந்தார். அவரைக் குளிப்பாட்டவும் துணி அலசவும் ஒச்சம்மாள் நாளைக்குப் பன்னிரண்டு குடம் தண்ணீர் நெடுந்தொலைவிலிருந்து சுமந்தார். வாசல் பக்கத்தில் ஒரு குழாய், அதுதான் அவர் கேட்டது. அது நியாயமான வேலை என்று எனக்குத் தெரியும். குழி வெட்டக் குறைந்தது எட்டுப் பேர் ஆறு நாள் வேண்டும் என்றும் தெரியும்.

"இப்ப இல்லைங்க அத்தாச்சி" என்றேன். "கரை முடியணும். அதுக்கப்புறம் மழை. தைக்கு மேலதான்."

அவர் என்னைத் திட்டவில்லை. உள்ளே திரும்பிக் கட்டிலைப் பார்த்தார், பிறகு மூக்கு ஒழுகிக்கொண்டு நின்ற ஆட்டைப் பார்த்தார். "தை" என்று மட்டும் சொல்லிவிட்டுக் குடத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவருடைய ஆடு படுத்து அசைபோடவில்லை. அவர் நீட்டிய புல்லையும் தின்னவில்லை, நான் நீட்டிய குழையையும் தின்னவில்லை. வாசலில் நின்றது. நான் திரும்பிப் பார்த்தபோதும் நின்றுகொண்டிருந்தது.

பத்து நாளும் அறுபது பேரும் கரையில் இருந்தார்கள். நால்வர் நால்வராகப் பிரிந்து எதையும் முடித்துப் பார்த்திராதவர்கள் ஒரே இடத்தில் அறுபதாக நின்றபோது அவர்களுக்கே சிரிப்பு வந்தது, பாட்டு வந்தது, சண்டையும் வந்தது. பொந்தை நெஞ்சளவு தோண்டிப் பிரித்தார்கள், உள்ளே இன்னும் இரண்டு கிளை ஓடியிருந்தது, கிளையையும் தோண்டினார்கள், களிமண் பிசைந்து அடுக்கு அடுக்காகப் போட்டு மிதித்தார்கள், மணல் மூட்டை அடுக்கினார்கள். நான் சட்டி தூக்கினேன். மாரிக்கண்ணு என் தலையில் மண்ணை ஏற்றும்போதெல்லாம், "தலைவரம்மாவுக்கு இன்னொரு வெட்டு" என்று வேண்டுமென்றே அதிகம் போட்டாள். நான்காம் நாள் சேதுராசு ஐயா வந்து, மூடாமல் வைத்திருந்த கிளைப் பொந்தில் குனிந்து கையை விட்டுப் பார்த்தார். மறுநாள் அவருடைய டிராக்டர் களிமண்ணோடு வந்தது. துண்டு கடித்த ஆடு டிராக்டரில் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது. கறுப்பு ஆடு கரைமேல் படுத்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது, மதியச் சோற்று நேரத்தில் என் கையிலிருந்து அகத்தியும், ஒருநாள் என் சோற்றையும் தின்றது.

பதினோராம் நாள் விடியலில் மழை தொடங்கியது. காலை, பகல், மாலை என்று பிரிக்க முடியாத ஒரே நீளமாகப் பெய்தது. உச்சி நேரத்துக்குக் கண்மாய் முக்கால், சாயங்காலத்துக்கு விளிம்பு, நிறைந்தால் வழிகிற கலுங்கில் தண்ணீர் புரண்டு ஓடியது. நாங்கள் சாக்கைத் தலையில் மடித்துப் போட்டுக்கொண்டு கரையில் நின்றோம், கீழத்தெருவும் மேலத்தெருவும். மூன்றாம் மடைக்கு இந்தப் பக்கம் தண்ணீர் வந்து சாய்ந்து நின்றது, புது மண்ணை முகர்ந்து பார்ப்பதுபோலக் கொஞ்சநேரம் சுழன்றது. பிறகு சும்மா நின்றது. கீழே எங்கள் தெருவில் முப்பத்திரண்டு வீட்டுக் கூரையிலிருந்தும் சமையல் புகை மழைக்குள் எழுந்தது.

அப்போதுதான் கறுப்பு ஆடு கத்தியது. முதல் தடவை. மாரிக்கண்ணு சொல்லி வந்த ஆடு, அவள் குரலில்தான் கத்தும் என்று எல்லோரும் நினைத்திருப்பார்கள், நானும் அப்படித்தான் நினைத்தேன். அது என் குரலில் கத்தியது. மாரிக்கண்ணு என்னைத் திரும்பிப் பார்த்தாள், சாக்கின் ஒரு பாதியை என் தலைமேல் இழுத்துவிட்டாள். ஆடு கரையிலிருந்து இறங்கி எங்கள் தெருவுக்குள் போனது. எந்த வீட்டு வாசலில் புழுக்கை கிடந்தது என்று மறுநாள் தேடினோம், எல்லா வாசலிலும் மழைத் தண்ணீர்தான் இருந்தது.

ஒச்சம்மாளின் ஆடு அந்த மழையில் செத்துப்போனது. அவரே வாசல் ஓரம் குழி வெட்டிப் புதைக்கிறார் என்று கேள்விப்பட்டுப் போனேன். மண்வெட்டியை வாங்கிக் குழியை மூடிவிட்டு வந்தேன். கரை நின்றது என்று ஊரே என்னைப் பாராட்டிய வாரம் அது. அந்தப் பன்னிரண்டு குடத்தை அவர் அந்த வாரமும் சுமந்தார்.

தை முதல் வாரத்தில் முதல் வேலையாகத் தெற்குத்தெருவுக்குக் குழி வெட்டினோம், அறுபது பேரும். ஆட்டைப் புதைத்த இடத்துக்குப் பக்கத்தில் குழாய் நின்றது. இப்போதெல்லாம் வேப்பமரத்தடியில் எட்டோ ஒன்பதோ ஆடுகள்தான் இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் முதுகு மினுங்குகிறது. ஊரில் யாராவது எதையாவது கேட்டால் நான் உடனே பதில் சொல்வதில்லை, கண்மாய்ப் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொள்கிறேன், அது நிறைந்துதான் கிடக்கிறது.

ஒச்சம்மாள் இன்னும் என்னோடு பேசுவதில்லை. தெற்குத்தெரு வழியாக நான் வெயிலில் நடந்து வந்தால், குழாயடியில் நிரம்பிக்கொண்டிருக்கும் குடத்தைச் சற்று நகர்த்தி வைத்துவிட்டு முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்கிறார். நான் குனிந்து, கை நிறையக் குடித்துவிட்டுப் போகிறேன்.